டிக்கியில் அடங்குமா? விமான நிலையத்துக்கு வண்டி பிடிக்கும் முன் போட வேண்டிய பெட்டிக் கணக்கு

அமெரிக்காவில் இருந்து அக்கா குடும்பம் வந்தபோது நடந்தது இது. அவர்கள் நாலு பேர். அழைத்துவர நானும் அப்பாவும் போனோம். மொத்தம் ஆறு பேர், ஆகவே 7 சீட்டர் போதும் என்று ஒரு டிராவல்ஸில் சொல்லி வைத்தேன். எர்டிகா வந்தது. இரவு இரண்டரை மணிக்கு அக்காவும் மாமாவும் பிள்ளைகளும் மூன்று தள்ளுவண்டி நிறையப் பெட்டிகளோடு சென்னை விமான நிலையத்தில் இருந்து வெளியே வந்தார்கள். டிரைவர் அண்ணன் பெட்டிகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அப்புறம் வண்டியைப் பார்த்தார். "சார், ஆள் ஏறலாம். இல்லன்னா பெட்டி ஏறலாம்."

கடைசியில் அந்த நேரத்தில் கிடைத்த இன்னொரு வண்டியில் நானும் அப்பாவும் ஐந்து பெட்டிகளோடு பின்னாலேயே போனோம். கும்பகோணம் வரைக்கும் சுமார் 300 கி.மீ. இரட்டைச் செலவு.

யோசித்துப் பார்த்தால் யாரும் பொய் சொல்லவில்லை. டிராவல்ஸ்காரர் "எத்தனை பேர்?" என்று கேட்டார், நான் ஆறு என்றேன். எத்தனை பெட்டி என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கோ கோவிலுக்கோ வண்டி பேசிப் பேசி, ஆள் எண்ணியே பழகிவிட்டோம். விமான நிலையத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. அங்கே முதலில் எண்ண வேண்டியது பெட்டியைத்தான். அந்த இரவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் வந்தாலும் போனாலும் வண்டி ஏற்பாடு என் தலையில்தான் விழுகிறது. நான் செய்யும் முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: பெட்டிகளை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது

"ஒரு ஏழெட்டு பேக் இருக்கும்" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. தோளில் மாட்டும் பையும் பேக்தான், 32 கிலோ பெட்டியும் பேக்தான்.

பெரும்பாலான விமான நிறுவனங்கள் சரக்கில் போடும் பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 செ.மீ. என்று வரம்பு வைத்திருக்கின்றன. அதனால் கடையில் விற்கும் பெரிய பெட்டிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருக்கும்: 76 செ.மீ. உயரம், 50 அகலம், 30 தடிமன். வெளி அளவில் கணக்கிட்டால் 114 லிட்டர் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். இதை ஒரு "பெரிய பெட்டி" என்று வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் இதற்கு மாற்றிவிடுங்கள்.

நடுத்தரப் பெட்டி, அதாவது 67 செ.மீ. உயரத்தில் வருவது, முக்கால் பெட்டி. விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகும் 55 செ.மீ. டிராலி அரைப் பெட்டி. (லிட்டர் கணக்கில் அரையைவிடக் குறைவுதான். ஆனால் அடுக்கும்போது இடுக்குகள் வீணாகும் என்பதால் அரை என்றே வையுங்கள்.) குழந்தையின் தள்ளுவண்டி அரை. மடக்கும் சக்கர நாற்காலி ஒன்று. முதுகுப் பைகளை எண்ண வேண்டாம், அவை மடிக்கோ காலடிக்கோ போய்விடும். ஆனால் நாலுக்கு மேல் இருந்தால் அரைப் பெட்டி சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா குடும்பத்துக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கப் பயணத்தில் வழக்கமாக ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி தருவார்கள். நாலு பேருக்கு எட்டுப் பெரிய பெட்டி. கைப்பெட்டி நாலு, அது இரண்டு. ஆக மொத்தம் 10 பெட்டி. எடை எட்டு 23, 184 கிலோ, கைப்பெட்டிகள் ஏழு கிலோ வீதம் இன்னொரு 28. வண்டியில் ஏறியது நாலு பேர் இல்லை. எடையில் பார்த்தால் அவர்களோடு கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் மூன்று பேர் ஏறுகிறார்கள்.

வளைகுடாவில் இருந்து வருகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கிருந்து வரும் விமானங்களில் பெரும்பாலும் எண்ணிக்கையைவிடக் கிலோதான் முக்கியம். ஒருத்தர் 30 கிலோவை ஒரு பெட்டி, ஒரு அட்டைப்பெட்டி என்று பிரித்துக்கொண்டு வருவார். நைலான் கயிறு சுற்றி, நாலு பக்கமும் பேரும் ஊரும் மார்க்கரில் எழுதிய அந்த அட்டைப்பெட்டிக்குச் சக்கரம் இருக்காது, பிடியும் இருக்காது. பால் பவுடரும் சோப்பும் தைலமும் நிரம்பிக் கல் மாதிரி கனக்கும். அதை ஒரு முழுப் பெட்டியாகவே எண்ணுங்கள். கம்பளி மூட்டை அதற்கு நேர்மாறு. பார்க்கப் பெரிதாக இருக்கும், ஆனால் எந்த இடுக்கிலும் அமுக்கித் திணிக்கலாம். டிவி கொண்டு வருகிறார்கள் என்றால் எல்லாக் கணக்கையும் நிறுத்திவிட்டு அந்த அட்டையின் நீளத்தை மட்டும் கேளுங்கள். 55 அங்குல டிவியின் பெட்டி ஒன்றேகால் மீட்டரைத் தாண்டும். அதைச் சிறிய காரின் டிக்கியில் வைக்க முடியாது. படுக்கப் போடவும் கூடாது, திரை விரிசல் விடும். நிறுத்தி வைக்க உயரமான வண்டிதான் வேண்டும்.

பெட்டி கெட்டியான பிளாஸ்டிக் ஓடா, துணியா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். துணிப் பெட்டியை இரண்டு அங்குலம் அமுக்கலாம். கெட்டி ஓடு அரை அங்குலம்கூட விட்டுக்கொடுக்காது.

இவ்வளவும் எதற்கு, எல்லாப் பெட்டியையும் வரிசையாக நிறுத்தி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதாதா? போதும். உண்மையில் அதுதான் சிறந்த வழி. பக்கத்தில் ஒரு ஆளையும் நிற்கச் சொல்லுங்கள், அளவு பிடிபடும். அந்தப் படத்தைத்தான் பிறகு டிராவல்ஸ்காரருக்கும் அனுப்பப் போகிறோம்.

இரண்டாம் படி: வரவேற்கப் போகிறவர்களையும் எண்ணுவது

நம் ஊரில் ஒருத்தர் வெளிநாட்டில் இருந்து வந்தால் அழைத்துவரக் குறைந்தது நாலு பேர் கிளம்புவோம். அம்மா வராமல் இருக்க மாட்டார். அம்மா வந்தால் துணைக்குச் சித்தி. தம்பி மகன் விமானம் பார்க்க வேண்டும் என்பான். போகும்போது வண்டி நிறைந்திருக்கும், திரும்பும்போது வந்தவருக்கே இடம் இருக்காது.

நான் வைத்திருக்கும் வழக்கம் இது: வழி காட்டவும் பெட்டி தூக்கவும் ஒரே ஒருத்தர் போவது. மற்றவர்கள் வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கட்டும். இதற்காக வீட்டில் மனவருத்தம் வரும், தெரியும். ஐந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் தாண்டும்போது வருகிற மனவருத்தத்தைவிட அது குறைவு.

அம்மா கட்டாயம் போக வேண்டும் என்றால் போகட்டும். ஆனால் அவர் ஒரு சீட் என்பதோடு நிற்காது, அந்த சீட்டை மடக்கியிருந்தால் ஏறியிருக்கக்கூடிய இரண்டு பெட்டியும் அவரோடு போகும். இதை அவரிடம் இந்த வார்த்தைகளில் சொல்ல வேண்டாம்.

மூன்றாம் படி: சீட்டும் டிக்கியும் ஒரே இடம் என்று புரிந்துகொள்வது

7 சீட்டர் என்றால் டிரைவரையும் சேர்த்து ஏழு. நமக்குக் கிடைப்பது ஆறு. டிராவல்ஸ் பேச்சில் இதை 6+1 என்பார்கள். சாதா கார் 4+1. பெஞ்சு சீட் போட்ட இன்னோவா 7+1.

அந்த ஆறு பேரும் உட்கார்ந்துவிட்டால் பின்னால் என்ன மிச்சம்? எர்டிகாவில் மூன்றாவது வரிசை நிமிர்ந்து நிற்கும்போது டிக்கி 209 லிட்டர். 2017 மாடல் டிசையரின் டிக்கி 378 லிட்டர். அதாவது ஏழு பேர் வண்டியின் டிக்கி, ஐந்து பேர் வண்டியின் டிக்கியைவிடச் சிறியது! நான் ஏமாந்த இடம் இதுதான். அதே எர்டிகாவில் மூன்றாவது வரிசையை மடக்கினால் 550 லிட்டர் கிடைக்கும். வண்டி ஒன்றுதான், ஆனால் ஒரே நேரத்தில் 7 சீட்டராகவும் பெரிய டிக்கியாகவும் அது இருக்காது.

இன்னோவா கிரிஸ்டாவும் அப்படித்தான். மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் 300 லிட்டர். "இன்னோவாதானே, எல்லாம் அடங்கும்" என்பது எல்லா வீட்டிலும் கேட்கிற வசனம். ஏழு பேர் ஏறிய இன்னோவாவில் இரண்டு பெரிய பெட்டிகள் நின்றால் பெரிய விஷயம்.

லிட்டர் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். கார் நிறுவனங்கள் டிக்கியை அளக்கும் ஒரு முறையில் 20 செ.மீ. நீளம், 10 அகலம், 5 தடிமன் உள்ள சின்னச் சின்ன ஒரு லிட்டர் கட்டைகளை அடுக்கி எண்ணுவார்கள். சக்கர மேட்டுக்குப் பக்கத்தில் உள்ள சந்து, மூடியின் கீல் இடுக்கு என்று எல்லா மூலையிலும் அந்தக் கட்டை போய் உட்காரும், அத்தனையும் கணக்கில் சேரும். உங்கள் பெட்டி கட்டை இல்லையே. 378 லிட்டரை 114 ஆல் வகுத்தால் மூன்றுக்கு மேல் வரும், ஆனால் டிசையரில் போகிறது இரண்டுதான்.

இன்னொன்று, டிக்கியின் வாய். சாதா கார்களில் மூடி திறந்தால் தெரியும் துவாரம் உள்ளே இருக்கும் குழியைவிடச் சின்னது. பெட்டி உள்ளே இருந்தால் அடங்கும், ஆனால் உள்ளே போகாது. பின்கதவு முழுதாக மேலே தூக்கும் வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை.

டிசையரின் டிக்கிக்குப் பின்னால் ஒரு வரிக்கதை உண்டு. 2008 இல் முதலில் வந்த டிசையரின் டிக்கி 440 லிட்டர். நாலு மீட்டருக்கு உட்பட்ட கார்களுக்கு வரி குறைவு என்பதால் 2012 இல் வந்த அடுத்த மாடலைப் பின்பக்கம் வெட்டியது போல் குறுக்கினார்கள். டிக்கி 316 லிட்டராகச் சுருங்கியது. 2017 மாடலில்தான் 378 ஆயிற்று. டொயோட்டா எட்டியாஸ் அந்த நாலு மீட்டர் பந்தயத்தில் சேராமல் நீளமாகவே இருந்தது. அதன் டிக்கி 592 லிட்டர். 2020 இல் விற்பனை நின்றுவிட்டாலும், பழைய எட்டியாஸ் வைத்திருக்கும் டிரைவர்களை விமான நிலையச் சவாரிக்கு நான் தேடிப் பிடிப்பேன்.

நான்காம் படி: வண்டிகளை ஒவ்வொன்றாக எடைபோடுவது

கீழே நான் தரும் எண்கள் பார்த்தும் அடுக்கியும் கண்டவை. உங்கள் பெட்டியின் வடிவத்தைப் பொறுத்து ஒன்று முன்னே பின்னே ஆகலாம்.

வேகன் ஆர் மாதிரிச் சின்னக் கார்: ஒரு பெரிய பெட்டி, கூட ஒரு கைப்பெட்டி. தனியாள் பயணத்துக்கு இது தாராளம்.

டிசையர், அமேஸ், ஆரா வகையில் இரண்டு பெரிய பெட்டி, சந்தில் ஒரு துணிப்பை. முன் சீட்டில் ஆள் இல்லை என்றால் அங்கே ஒரு பெட்டியை நிறுத்தி பெல்ட்டும் போட்டுவிடலாம். ஆக மூன்று. எட்டியாஸில் டிக்கியிலேயே மூன்று.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது: சிஎன்ஜி, அதாவது சிலிண்டரில் அடைத்த எரிவாயுவில் ஓடும் வண்டி. வாடகைக் கார்களில் இப்போது அது அதிகம். டிசையரில் சிலிண்டர் டிக்கிக்குள் குறுக்கே படுத்திருக்கும், அதற்கு முன்னால் மிச்சமாகும் இடத்தில் இரண்டு கைப்பெட்டி வைத்தாலே மூடி முனகும். சிஎன்ஜி எர்டிகாவிலும் சிலிண்டர் கடைசி சீட்டுக்குப் பின்னால்தான். டாடா டிகோர் போன்ற சில கார்களில் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்னச் சிலிண்டர்களைத் தரைக்கு அடியில் வைத்திருப்பதால் ஓரளவு டிக்கி மிஞ்சும். செயலியில் வண்டி பதிவு செய்யும்போது சிஎன்ஜியா பெட்ரோலா என்பது முன்கூட்டித் தெரிவதில்லை என்பதால், மூன்று பெரிய பெட்டி இருக்கும் நாளில் செயலியை நம்பிச் சாதா காருக்கு நான் போக மாட்டேன். வண்டி ஒதுக்கியவுடன் டிரைவரை அழைத்து, "அண்ணே, டிக்கியில சிலிண்டர் இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள்.

எர்டிகா, ரூமியன், கேரன்ஸ் போன்றவற்றில் கடைசி வரிசை நிமிர்ந்திருந்தால் கைப்பெட்டிகள் மட்டும். எர்டிகாவில் அந்த வரிசை இரண்டு பாதியாகப் பிரிந்து மடங்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு பாதியை மடக்கினால் பயணிகள் ஐந்து பேர், பெரிய பெட்டி இரண்டு அல்லது மூன்று. முழுதும் மடக்கினால் பயணிகள் நாலு பேர், பெட்டி நாலு முதல் ஐந்து. ஒரு சாதாரண வளைகுடா வரவுக்கு இதுவே சரியான வண்டி.

இன்னோவா கிரிஸ்டாவின் கடைசி சீட்டுகள் தரையோடு படுக்காது, இரண்டு பக்கமும் ஜன்னலை ஒட்டி மேலே தூக்கி மாட்டும். அதனால் அகலம் கொஞ்சம் குறையும், ஆனால் தரை தாழ்வாகக் கிடைக்கும். ஒரு பக்கம் மாட்டினால் மூன்று, நாலு பெட்டி. இரண்டு பக்கமும் மாட்டினால் ஆறு. முன்னால் ஒருத்தர், நடுவரிசையில் இரண்டு பேர் (பெஞ்சு என்றால் மூன்று பேர்) வசதியாக வரலாம். நடுவில் தனித்தனி சீட்டா பெஞ்சா என்று கேட்க மறக்காதீர்கள். அந்த ஒரு ஆள் இடத்தில்தான் பல பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இன்னோவா ஏறுவதற்கு உயரம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வந்தால் ஏறுபடி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டெம்போ டிராவலர் எனும் வேன்: 12 சீட் வண்டி என்று ஆள் கணக்கில் பயந்து ஒதுக்கிவிடுகிறோம். எட்டுப் பெட்டிக்கு மேல் போனால் நாலு பேருக்கும்கூட இதுதான் விடை. பின் வரிசைக்குப் பிறகு தனி டிக்கி உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. இல்லை என்றாலும் காலி சீட்டுகளும் நடைபாதையும் இருக்கின்றன. மறுமுறை அக்கா வந்தபோது இதைத்தான் எடுத்தேன். பத்துப் பெட்டியும் உள்ளே போய், பிள்ளைகள் பின்னால் கால் நீட்டித் தூங்கிக்கொண்டு வந்தார்கள்.

மேலே கேரியர் இருக்கிறதே என்று கேட்கலாம். நம்மூர் வாடகை வண்டிகளில் அது இருப்பது பெரிய வசதிதான், ஆனால் கடைசி வழியாக வையுங்கள். பெரும்பாலான கார்களின் கூரை தாங்கும் எடை என்று நிறுவனங்கள் சொல்வது 50 முதல் 75 கிலோதான். அதாவது 23 கிலோப் பெட்டி இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஆறு பெட்டி ஏற்றிய வண்டியைப் பார்த்திருக்கிறேன் என்பீர்கள். நானும் பார்த்திருக்கிறேன், வளைவில் அது எப்படிச் சாய்கிறது என்பதையும். கேரியரில் வைத்தால் கயிறும் தார்பாயும் டிரைவரிடம் உண்டா என்று முந்தின நாளே கேளுங்கள். அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை தார்பாய் இல்லாத கேரியர், கேரியர் இல்லாததற்குச் சமம். கெட்டி ஓட்டுப் பெட்டிகளைக் கம்பியில் நேராக வைத்தால் கீறும், அடியில் பழைய சாக்கு போடுங்கள்.

ஒரே பெரிய வண்டியா, இரண்டு சின்ன வண்டியா என்பதைத் தூரம்தான் முடிவு செய்யும். சென்னைக்குள்ளேயே, அல்லது திருச்சியில் இறங்கிப் புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று ஐம்பது அறுபது கி.மீ. போவதானால் இரண்டு டிசையர் சுலபம், வண்டியும் எந்த நேரத்திலும் கிடைக்கும். முந்நூறு கி.மீ. என்றால் இரண்டு டிரைவர் பேட்டா, இரண்டு டோல், போய்வரும் வாடகையில் நாளுக்கு 250 அல்லது 300 கி.மீ. என்ற குறைந்தபட்சக் கணக்கும் இரண்டு தடவை. அங்கே பெரிய வண்டி ஒன்றுதான் லாபம்.

மறுபக்கம், ஒரே பெட்டியோடு தனியாக வருகிறவருக்கு வண்டியே தேவையில்லை. சென்னை விமான நிலையத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. சாலையைக் கடந்தால் திரிசூலம் ரயில் நிலையம். தென்மாவட்டப் பேருந்து பிடிக்கக் கிளாம்பாக்கம் போக வேண்டுமென்றால் அதுவும் அதே ஜி.எஸ்.டி. சாலையில்தான். இரண்டாவது பெரிய பெட்டி சேர்ந்துவிட்டால் இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். படிக்கட்டில் ஒன்றைத் தூக்கும்போது மற்றதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது.

ஐந்தாம் படி: டிராவல்ஸ்காரரிடம் பேசுவது

வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அண்ணே, வரும் வெள்ளி இரவு, சனி விடிந்தால் 2 மணி, சென்னை இன்டர்நேஷனல் அரைவல். திரும்பும்போது பயணிகள் 4 பேர். பெரிய பெட்டி 4, கைப்பெட்டி 2. படம் அனுப்பியிருக்கேன். இன்னோவா வேணும், நடுவுல பெஞ்சு சீட், கடைசி சீட் ரெண்டு பக்கமும் மடக்கணும். சிஎன்ஜி வேண்டாம். கேரியர், கயிறு, தார்பாய் இருக்கணும். வண்டி மாறினா முதல்லயே சொல்லுங்க."

கடைசி வரிதான் முக்கியம். இன்னோவா பேசி எர்டிகா வருவது, "ரெண்டும் 7 சீட்டர்தானே சார்" என்பது, இதெல்லாம் நடக்கிற விஷயம். எழுத்தில் பெட்டி எண்ணிக்கை இருந்தால், வந்த வண்டியில் அடங்காதபோது மாற்று வண்டிக்குப் பேசுவதற்கு உங்களிடம் ஒரு பிடி இருக்கும். கூடவே, கடைசி சீட் உண்மையிலேயே மடங்குமா என்று கேளுங்கள். பழைய வண்டிகளில் கொக்கி இறுகிப்போயிருக்கும், அல்லது சீட் உறை தைத்தவர் மடக்க முடியாதபடி தைத்திருப்பார். டிரைவர் கிளம்பும் முன்பே மடக்கி, டிக்கியில் இருக்கும் அவருடைய துணிப்பை, தண்ணீர்க் கேன், பாய் எல்லாவற்றையும் ஒதுக்கி வைக்கச் சொல்லிவிடலாம்.

எல்லாம் கூட்டி வந்த எண் வண்டியின் எண்ணுக்குச் சரியாக இருந்தால் அடுத்த பெரிய வண்டிக்குப் போங்கள். ஒரு பெட்டி இடமாவது காலியாக இருக்க வேண்டும். விமான நிலையக் கடையில் கடைசி நேரத்தில் வாங்கிய பைகள் அங்கேதான் போகும்.

ஆறாம் படி: ஏற்றும் இடம்

டெர்மினல் வாசலில் வண்டியை நிறுத்தி ஆற அமரப் பெட்டி அடுக்க விடமாட்டார்கள். சென்னையில் செயலி வண்டிகள் ஏறுமிடம் அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் இருப்பதால், தள்ளுவண்டியோடு அங்கே போய் லிஃப்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும். மூன்று தள்ளுவண்டிக்கு மூன்று பேர் வேண்டும், குழந்தையைத் தூக்கியிருப்பவர் கணக்கில் வரமாட்டார். நான் சொன்ன அந்த ஒரே ஒரு ஆள் இங்கேதான் தேவைப்படுகிறார்.

இன்னொரு சங்கதி, அடுக்குமாடியில் பெட்டியைக் கேரியரில் ஏற்றிவிட்டு வெளியே வரும்போதுதான் உறைக்கும். அங்கெல்லாம் பொதுவாக உயரம் 2 மீட்டர் சொச்சம்தான் இருக்கும், வாசலில் உயரத் தடுப்புக் கம்பி தொங்கும். இன்னோவாவின் உயரமே கிட்டத்தட்ட 1.8 மீட்டர். அதன்மேல் கேரியர், அதன்மேல் ஒரு பெட்டி என்றால் கம்பியில் இடிக்கும். கேரியரோ வேனோ என்றால் திறந்தவெளி நிறுத்தத்துக்கு வரச் சொல்லுங்கள். வந்திறங்குபவரின் கைபேசியில் நம்மூர் சிம் வேலை செய்யாமல் போகலாம் என்பதால் டிரைவரின் எண்ணும் வண்டி எண்ணும் முன்பே அவர் கையில் இருக்கட்டும்.

ஏழாம் படி: அடுக்குவது

கனமான பெட்டி கீழே, சக்கரம் உள்பக்கம் பார்த்து. பெரிய பெட்டிகளைப் படுக்கப் போடுவதைவிட விளிம்பில் நிறுத்தி, புத்தகம் அடுக்குவது போல் வரிசையாக வைத்தால் ஒன்று கூடுதலாகப் போகும். வழியில் தேவைப்படும் பால் புட்டிப் பையும் மாத்திரையும் கடைசியாக, கதவோரம். பாஸ்போர்ட், நகை, லேப்டாப் இருக்கும் பை டிக்கிக்கே போகக்கூடாது.

உள்ளே அடுக்கும்போது நடுவரிசை சீட்டின் முதுகுக்கு மேலே பெட்டி எழும்பி நிற்கக்கூடாது. நாற்கரச் சாலையில் மாடு குறுக்கே வந்து டிரைவர் பிரேக் அடித்தால், மேலே இருக்கும் 23 கிலோ முன்னால் தூங்குகிறவரின் கழுத்துக்கு வரும். வேறு வழியில்லாமல் மேலே வைத்தால் இலகுவான துணிப்பைகளை மட்டும் வையுங்கள். கிளம்பும் முன் டிரைவர் பின்னால் கண்ணாடியில் பார்க்க முடிகிறதா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். டயரில் காற்றும் பார்க்கச் சொல்லலாம். வழியில் டீக்கு நிற்கும்போது ஒருத்தர் வண்டியிலேயே இருக்கட்டும். கேரியரில் கட்டியிருந்தால் முதல் நிறுத்தத்தில் கயிறு தளர்ந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும்.

திரும்பி அனுப்பும்போது

வரும்போது வந்த அதே வண்டி போகும்போதும் போதும் என்று நினைப்போம். போகும்போதுதான் பெட்டி கனக்கும். வந்தது சாக்லேட்டும் சட்டையும், போவது இட்லிப் பொடி, ஊறுகாய், முறுக்கு, குக்கர், சில வீடுகளில் கல் கிரைண்டர். எண்ணிக்கை அதேதான், ஆனால் எந்தப் பெட்டியும் ஒரு அங்குலம்கூட அமுங்காது. வரும்போது மடக்கித் திணித்த காலிப் பைகூட இப்போது நிரம்பி நிற்கும். வழியனுப்ப வருகிறேன் என்று ஏறுகிறவர்களும் கூடுவார்கள். ஆகவே வந்தபோது போட்ட கணக்கில் ஒரு பெட்டி கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வித்தியாசம் உண்டு. வரும்போது இடம் போதாவிட்டால் தாமதம்தான் நேரும். போகும்போது போதாவிட்டால் விமானம் போய்விடும். எங்கள் வீட்டில் இப்போது கிளம்பும் நாளுக்கு முந்தின மாலையே வண்டியை வாசலுக்கு வரச் சொல்லி, எல்லாப் பெட்டியையும் ஒருமுறை ஏற்றிப் பார்க்கிறோம். அரைமணி நேர வேலை. டிரைவர் தெரிந்தவராக இருந்தால் ஒரு காப்பியோடு முடியும். அடங்கவில்லை என்றால் கும்பகோணத்தில் ராத்திரி எட்டு மணிக்குக்கூட இன்னொரு வண்டி பேசலாம். மீனம்பாக்கம் வாசலில் விடிகாலை நாலு மணிக்கு எதைக் கழற்றிப் போடுவது என்று மாமாவும் அக்காவும் பேசிக்கொள்ள வேண்டியதில்லை. கிரைண்டரை அங்கேயே விட்டுவிட்டுப் போன வருடமும் ஒன்று உண்டு. அது இன்னும் எங்கள் வீட்டில்தான் மாவு அரைக்கிறது.